மல்லாரிக்குக் கீழே ஒரு வரி

கண்ணு,

அன்று பண்ணை வீட்டு வாசலில் சுவாமி நின்றபோது இருந்தவர்கள்: நாயனத்தோடு உன் தாத்தா, தவிலோடு என் தம்பி ரெத்தினம், தாளம் போட்ட அமிர்தம், படியில் பண்ணையார் இராஜாங்கம், அவருடைய ஆட்கள், இடுப்பில் உன் அப்பனோடு நான்.

நீ பதிப்பித்த சுரப் புத்தகம் வந்தது. சுவாமி புறப்பாட்டுக்குத் தாத்தா வாசிக்கும் மல்லாரியைப் பக்கத்து வீட்டுப் பெண் பாடிக் காட்டினாள். ஒரு பிடியும் பிசகவில்லை. அடிக்குறிப்பில்தான் 'வாய்ப்புண்ணால் வாசிப்பை நிறுத்தினார். தகவல்: தவில் ரெத்தினம்' என்று போட்டிருக்கிறாய்.

ஆட்சி மாறிய வருஷம் அது. கூலி நெல் கூட்டிக் கேட்ட வீரையனைப் பண்ணை ஆட்கள் அடித்தே கொன்றார்கள். அவன் சாவுக்கு மேளம் போகக் கூடாது என்று பண்ணை உத்தரவு. தாத்தா போனார். ரெத்தினமும் கூடப் போய்த் தவில் அடித்தான்.

அடுத்து வந்த புறப்பாட்டில் தன் வாசலில் பண்ணையார் மல்லாரியைப் பாதியில் நிறுத்தினார்.

"சாவுக்கு ஊதுன வாயி எதுடா?"

ரெத்தினம் தவில் கூடு மாட்டிய விரலைத் தாத்தா பக்கம் நீட்டினான். "அத்தான்தாங்க. நான் போவலீங்க."

நாயனத்தைப் பிடுங்கி அதாலேயே தாத்தா வாயில் அடித்தார்கள். முன்பல் எல்லாம் போயிற்று. அப்புறம் உதட்டில் நாயனத்தின் சீவாளி நிற்கவே இல்லை.

வெளியீட்டு விழாவில் ரெத்தினத்துக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாயாம். முதலில் அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததைப் போடு. அதுவரை நான் வர மாட்டேன். பண்ணையார் செத்த அன்றே அவரைத் தலைமுழுகிவிட்டேன். நான் மன்னிக்காதவன் என் கூடப்பிறந்த ரெத்தினம்.

உன் அப்பாயி