துண்டு போட்ட சீட்

மே 4, கம்பம்

ஐரோப்பா டூருக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. பந்தலில் திராட்சை பழுத்து வெட்டுக்கு நிற்பதால் இவர் வரவில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்து ரத்து பண்ணீரலாமா முபீனா?" என்று நேற்றுவரை கேட்டார். நான் போகிறேன் என்றேன். "தேனி பஸ் ஸ்டாண்டுலயே தனியா நின்னதில்ல. இத்தாலிக்குப் போயி என்ன செய்யப் போற?"

நின்றதில்லைதான். நிற்க விட்டால்தானே.

முறைத்துக்கொண்டே, குளிருக்குத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லித் தன் பச்சைக்கரைத் துண்டைப் பெட்டியில் திணித்தார்.

மே 7, ரோம்

மானம் போயிற்று.

ஓட்டல் வாசலில் டூர் பஸ் வந்து நின்றது. ஜன்னல் திறக்காத பஸ், வெளியிலிருந்து துண்டு போட முடியாது. வேறு வழியில்லாமல் முதல் ஆளாக ஏறி, முன் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கைடு இம்மானுவேல் துண்டை மடித்துக் கையில் வைத்திருக்கிறார். "இது யாரோடது?" பஸ்ஸே சிரித்தது.

தினமும் எல்லோரும் இரண்டு வரிசை முன்னால் நகர வேண்டுமாம். முன்னால் இருந்தவர்கள் கடைசிக்குப் போக வேண்டுமாம். "உங்க முறை சுவிட்சர்லாந்துல வரும் மேடம், மலை ஏறுற அன்னைக்கு."

போனில் சொன்னேன். "கம்பம் பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சியாக்கும்" என்று இவர் அப்படிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் ஏன் முன் சீட்டுக்கு ஓடினேன்? எங்கள் காரை மகன் நூர் ஓட்டுவான், பக்கத்தில் இவர். நான் பின்னால் மூட்டைகளோடு. குமுளி மலை ஏறும்போதெல்லாம் நான் பார்த்தது இவர் பிடரியைத்தான். ஒருமுறை, முன்னால் உட்காரட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "பொம்பளையாளு முன்னால ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?" அதோடு கேட்கவில்லை.

மே 8

ஆறு மணிக்குப் போன் அடித்து எழுப்புகிறார்கள். ஏழுக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும். பஸ் யாருக்காகவும் நிற்காது என்கிறார்கள், மதுரைக்காரர் தங்கப்பாண்டியனுக்கு மட்டும் நிற்கிறது. பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவராம். நான் ஒருநாளும் பிந்தவில்லை. விடியுமுன் பஜ்ர் தொழுகைக்கு எழுகிறவளுக்கு ஆறு மணியெல்லாம் ஒரு மணியா?

மே 9, புளோரன்ஸ்

கழிப்பறைக்கும் காசு. என் இட்லிப்பொடியைப் பாதி பஸ் தீர்த்துவிட்டது. நாளை மறுநாள் முன் சீட்.

மே 11, சுவிட்சர்லாந்து

இன்று என் முறை. ஏறி உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டேன். தங்கப்பாண்டியன் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க ஒத்த ஆளு, நாங்க ரெண்டு பேரு. மைக்குல இங்கிலீசுல சொல்றது ஒங்களுக்கு வெளங்கவும் போறதில்ல. பின்னால போயிருங்க, நான் வீடியோ எடுக்கணும்."

இம்மானுவேலும், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா மேடம்?" என்றார்.

என் கை தானாகப் பையை எடுத்தது. பழக்கம். அப்புறம்தான் சுருக்கென்றது — எதுக்குடி எந்திரிக்கிற?

"மலை என்ன இங்கிலீசுலயா இருக்கு? இன்னைக்கு என் மொறை. பக்கத்துச் சீட்டு சும்மாதான் இருக்கு, ஒங்க வீட்டம்மா வரட்டும்."

அவர் பதில் யோசிப்பதற்குள் அவர் மனைவி ராஜாத்தி பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "அவுகளுக்குக் கோவம் வந்துரும்" என்று என் காதில் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை. வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்துக்கொண்டார். பனி மலை முழுசாகக் கண்ணாடிக்கு வந்தது, நடுவில் யார் தலையும் இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. என் மீதே பெருமை, இந்த வயசில்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். கோபமோ?

மே 14

பாரிஸ். கால் வலி. மறுபடி பின் வரிசை. பரவாயில்லை.

மே 16, கம்பம்

மதுரை ஏர்போர்ட்டுக்கு நூர் கார் கொண்டுவந்திருந்தான். பழக்கத்தில் பின் கதவைத் திறந்தேன். உள்ளே, மதுரையில் சரக்கு இறக்கிய காலித் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

"இங்கன எடமில்ல. முன்னால துண்டு போட்டு வச்சிருக்கேன், போயி ஒக்காரு."

போட்டுத்தான் வைத்திருந்தார், இன்னொரு பச்சைக்கரைத் துண்டு. நூர் சாலையைப் பார்த்தபடி சிரித்தான். நான் உட்கார்ந்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார், "அங்கன என்ன தெரியுது?"

"மேகமலை வரைக்கும் தெரியுது" என்றேன்.