அவர் வைத்த ஐம்பது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்பார் உன் அண்ணன். கூட்டிப் படித்துக்கொள்.

உன் நீலச் சட்டை ஒர்க்‌ஷாப் ஆணியில் அப்படியே தொங்குகிறது. துவைத்து மாட்டியிருக்கிறேன்.

அன்று கார்க்காரர் முன்னால் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "எங்க, ஊது பார்ப்போம். குடிச்சிட்டுதானே போல்ட்டு முடுக்கின?" என்றேன். குடியை விட்டு வருஷக்கணக்காகிறவனை. நீயும் சின்னப்பிள்ளை மாதிரி என் முகத்துக்கு நேரே ஊதினாய். டீ வாசனைதான் வந்தது. நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆனாலும் தம்பி, எண்ணெய் ஒழுகினது உண்மைதானே? அது கார்க்காரரின் அப்பா ஓட்டின கார். யாரையும் தொடவிடாதவர் நம்மிடம் விட்டார். நீ எண்ணெய் கசியாமல் அடைக்கிற பேக்கிங்கை மாற்றி, பசை தடவி, முடுக்கிக் கொடுத்த கொஞ்ச நாளில் எஞ்சினுக்கு அடியில் தட்டு வைக்கிற அளவுக்குச் சொட்டியிருக்கிறது. உன் அண்ணன் இருந்தவரை ஒரு பொட்டு சிந்தியதுண்டா? அவர் கண்ணை மூடின வருஷமே இந்தப் பேர் வந்ததே என்று ஆத்திரத்தில் வாயை விட்டுவிட்டேன்.

அவருடைய டிக் ஸ்பானரை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். பிடியைத் திருகி வைத்த எண் அளவுக்கு போல்ட் இறுகினதும் போதும் என்று டிக் சத்தம் போடுமே, அதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று அவர் கை கடைசியாகத் திருகி வைத்த எண் ஐம்பது. வேலை முடிந்ததும் நீ பிடியை அடிவரை தளர்த்திவிட்டுப் போவாய். நீ வாசல் தாண்டினதும் நான் திரும்ப ஐம்பதுக்கு முறுக்கி வைத்துவிடுவேன். அவர் வைத்தபடியே இருக்கட்டும் என்று.

கோபம் தீர்ந்ததும் வா.

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

சட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். இங்கே லாரி ஷெட்டில் வேலை கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அந்த ஸ்பானரை ஐம்பதிலேயே வைத்து, அதன் சதுர முனையை மேஜை இடுக்கி வைஸில் கடிக்க விடுங்கள். பிடி வலப்பக்கம் படுக்கையாக நீட்டி நிற்கட்டும். முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பிடியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐம்பது சரியாக இருந்தால், வாளியோடு சேர்த்துப் பத்து கிலோ தாண்டின பிறகுதான் டிக் சத்தம் வரணும்.

எப்போது வந்தது என்று எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

சமையலறையில் இருக்கிற ஒரு லிட்டர் குவளையால் ஊற்றினேன். வாளி ஒரு கிலோ. ஆறாவது குவளையிலேயே, மொத்தம் ஏழு கிலோவிலேயே டிக் என்றது. எண்ணினதில் பிசகியிருப்பேன் என்று கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் ஆறு.

முறுக்கியே வைத்ததில் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சோர்ந்துபோச்சு, இல்லையா? போல்ட் இறுகும் முன்னாலேயே போதும் போதும் என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறது. சொல்ல வைத்தது நான். ஊதினது நீ. தண்ணீர் சிந்தின தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கார்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் கேட்டதை அவர் முன்னால்தானே திருப்பி வாங்கணும்? "எங்க கொழுந்தன்மேல தப்பில்லைங்க. ஸ்பானரைக் கெடுத்தது நான்தான்" என்றேன். அவர் சிரித்தார். "ஸ்பானருக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்? சமையல்கட்டுக்கா எடுத்துட்டுப் போனீங்க?" என்றார். அப்புறம் ஐம்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் சிரிப்பு நின்றுபோனது. அவர் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வந்து பிடியை இறக்கிவிட்டேன். ஒவ்வொரு கோடாக, ஒன்றும் இல்லாத இடம் வரைக்கும். என் கையால்தான்.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. சட்டையை மடிக்கவில்லை. ஆணியிலேயே இருக்கிறது.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

காலையில் வரும்போதெல்லாம் அது ஐம்பதில் நிற்பதைப் பார்ப்பேன். உங்கள் வேலை என்று முதல் வாரமே தெரியும். அண்ணன் வைத்த எண்ணை இறக்குங்கள் என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்? ஆனால் தொழில் தெரிந்தவன் சோதித்துப் பார்க்காமல் அதை அடுத்தவர் காரில் போட்டிருக்கக் கூடாது. அதனால்தான் அன்று எதிர்த்துப் பேசாமல் ஊதினேன். வெட்கம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். புதுசு ஒன்று வாங்கி வருவேன். கார்க்காரரையும் வரச் சொல்லுங்கள். ஊதினதைப் பார்த்தார், முடுக்குவதையும் பார்க்கட்டும்.

பழையதை இனி வேலைக்கு எடுக்க வேண்டாம். என் சட்டைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். ஐம்பதிலேயே வைத்து மாட்டுங்கள்.

தம்பி