நிழலில் இருக்கும் பச்சை

அப்பா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்களிடம் இப்படிக் கேட்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீங்கள் இப்போது யாரிடம் காட்டப் போகிறீர்கள்? ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் வேண்டாம். அவர்கள் அம்மாவின் கனவில் வந்து சொல்லிவிடுவார்கள்.

என் விரல் நுனியில் தூசி கருகிய வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நம் சாமி மேடையில் இருக்கும் சிவப்பு பல்பைத் தொட்ட கை இது. மாதக்கணக்கில் எரியாமல் கிடந்த பல்பு. சுவிட்சைப் போட்டதும் அதன்மேல் படிந்திருந்த தூசியும் குங்குமமும் சூடேறி ஒரு வாசனை வந்தது. நீங்கள் கம்பியூட்டர் முன்னால் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கும்போது ஹாலில் வரும் அதே வாசனை. நான் ஒரு நிமிடம் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த விளக்கை எரிய வைப்பது இந்த வீட்டில் எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகுதான் அது குற்றமானது. காரியம் முடிந்த அன்று ஐயர் மேடையைத் திறக்கச் சொன்னார். அம்மா உங்கள் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து மேடை முழுவதையும் மறைத்துக் கட்டிவிட்டார். அம்பாங்கில் இருக்கும் பெரியம்மா பயந்துபோய், "இப்படியெல்லாம் பண்ணாதடி, பொம்பளப் பிள்ள இருக்கிற வீடு, விளக்கு எரியணும்" என்றார்.

"எரிஞ்சிச்சுக்கா. ராத்திரி பகலா எரிஞ்சிச்சு" என்றார் அம்மா. "அவரு ரயில் ஸ்டேஷன் படிக்கட்டுல விழுந்து கிடந்தப்பவும் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. கண்ணு இருந்தா பார்த்திருக்கும்ல? இனிமே எனக்கும் அதுக்கும் பேச்சு இல்ல. இந்த வீட்டுல அந்த லைட்ட யாராச்சும் போட்டா, நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்."

அழாமல் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம். அழுதுகொண்டு சொல்வதையெல்லாம் அம்மா மறந்துவிடுவார். அழாமல் சொன்னதை மறந்ததே இல்லை.

நான் ஏன் போட்டேன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாகப் படம் எடுத்தது பந்திங்கில் இருக்கும் ஓர் அக்காவின் கல்யாணம். கிள்ளான் மண்டபத்தில் எடுத்து வந்து கம்பியூட்டரில் போட்டதோடு சரி, ஒரு படத்தைக்கூட நீங்கள் தொடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் போட்டோ கடையில் உங்களோடு வேலை செய்த செல்வா அங்கிளிடம் அம்மா அந்தப் படங்களையெல்லாம் கொடுத்தார். பாவம், அங்கிள் தன்னால் முடிந்த அளவு உங்கள் கலரைக் கொண்டுவரப் பார்த்தார். அந்த அக்கா படங்களை வாங்கிப் பார்த்துவிட்டு நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. செல்வா அண்ணே நல்லாத்தான் பண்ணியிருக்காரு. ஆனா இது அங்கிள் கலர் இல்ல லா."

"கலர் என்னம்மா கலர்? முகம் தெரியுதுல்ல?"

"தெரியுது ஆன்டி. கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்த மாதிரி நல்லாவே தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அந்த அக்காவின் மூத்த சகோதரி கல்யாணத்துக்கும் நீங்கள்தான் படம் எடுத்தீர்களாம். இரண்டு படங்களும் வீட்டு ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்களாம். "அதுல எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணெய்ப்பனை மரம்கூட அழகா இருக்கு ஆன்டி. இதுல நான் ஏர்போர்ட்ல நிக்கிற மாதிரி இருக்கேன்."

"அவரு கலர் அவரோட போச்சும்மா" என்றார் அம்மா. "பென்டிரைவ்ல போட்டுத் தரச் சொல்றேன். வேற யார்கிட்டயாச்சும் குடுத்துப் பாரு." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் லிப்ட் வரை அந்த அக்காவோடு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நீ பண்ணேன். அப்பா பக்கத்துலயே இருந்து பார்த்திருப்பதானே? அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்." அப்பா என்னைத் தொடவே விடமாட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிக்கா" என்று வந்துவிட்டது. லிப்ட் கதவு மூடிவிட்டது.

அவர் வருவது நாளைக் காலையில்.

நீங்கள் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. மௌஸ் மேல் கை வைத்தாலே, "போய்ப் படி. இந்த வேலையில சோறு இருக்கு, கறி இல்ல" என்பீர்கள். உங்கள் கலரைப் பற்றி மற்றவர்கள் பேசிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும், அது உங்கள் படம் என்று. முகங்கள் குலா மலாக்கா வெல்லம் போல மினுங்கும். கருப்பாக இருக்க வேண்டிய இடத்திலெல்லாம், தலைமுடியில், மாப்பிள்ளையின் கோட்டில், பந்தல் மூலையில், ஆழமான ஒரு பச்சை இருக்கும். மழை விட்டதும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் தெரியுமே, அந்த இருட்டு. "என்ன பாஸ், கருப்பு மை தீர்ந்துபோச்சா?" என்று செல்வா அங்கிள் கிண்டல் செய்வார். எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால் நீங்கள் சொல்வது ஒன்றுதான்: "கண்ணுக்குச் சரின்னு பட்டதும் கையை எடுத்துடுவேன்."

அதுதான் எனக்கு வரவில்லை. நீங்கள் முன்பு செய்த கல்யாணங்களைத் திறந்து, ஒவ்வொரு படத்திலும் எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒரு படத்தின் எண்களை அப்படியே பந்திங் அக்காவின் படத்துக்குப் போட்டால் மாப்பிள்ளையின் கோட்டில் பாசி பிடித்தது. எண்களை விட்டுவிட்டு என் கண்ணை நம்பினேன். சாயங்காலம் சரியாகத் தெரிந்தது மறுநாள் காலையில் அசிங்கமாக இருந்தது. எங்கே கையை எடுப்பது என்றே தெரியவில்லை.

உங்கள் பழைய படங்களில் இன்னும் பின்னால் போனேன். அங்கே ஒன்றைப் பார்த்துக் குழம்பிப்போனேன். நான் ஆரம்பப்பள்ளியில் இருந்த காலத்துப் படங்களில் அந்தப் பச்சை இல்லவே இல்லை. கருப்பு, வெறும் கருப்பு. எல்லாரும் எடுப்பது போலத்தான் நீங்களும் எடுத்திருக்கிறீர்கள். நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன வருடத்திலிருந்து திடீரென்று பச்சை வருகிறது. கேமரா அதேதான், கம்பியூட்டரும் அதேதான்.

அந்த வருடம் மாறியது என் ரூம். "பெரிய பிள்ள ஆயிட்டா, அவளுக்குன்னு ஒரு ரூம் வேணாமா?" என்று நீங்கள் வேலை செய்த ரூமை எனக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் மேசையைத் தூக்கி ஹாலில் போட்டீர்கள். வேறு இடம் இல்லாததால் சாமி மேடைக்கு நேர் எதிரே, சுவரைப் பார்த்து. அன்றிலிருந்து உங்களுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

"அந்த லைட்டக் கொஞ்ச நேரம் அடையேன்மா. ஸ்கிரீன் பூரா சிவப்பா அடிக்குது."

"சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது பத்தாதுன்னு லைட்டையும் அடைக்கணுமா? உங்க கம்பியூட்டர அடைங்க."

"பின்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதானே இருக்காரு உன் சாமி. கலர் ஓகேவான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லுவாரு, சொல்லுவாரு. கடைசில பில்லும் போடுவாரு."

நீங்கள் இருவரும் சிரித்துவிடுவீர்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். நான் மேசையில் உட்கார்ந்து ஓர் இருட்டான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனின் கருப்பில் என் முகமும் பின்னால் தொங்கும் வேட்டியும் தெரிந்தன. அங்கே முன்பெல்லாம் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும் என்று ஞாபகம் வந்தது. வேட்டியின் ஓரத்தை விலக்கினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் விலக்கினேன், சாமியிடமா அம்மாவிடமா என்று தெரியவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஸ்கிரீனில் இருந்த கருப்பெல்லாம் சிவந்துகிடந்தது. என் கை தானாகவே ஸ்லைடரை நகர்த்தி அந்தச் சிவப்பைக் குறைத்தது. குறைத்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் கருப்பு கருப்பாகத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

உங்கள் பச்சை. அப்படியே உங்கள் பச்சை. விளக்கின் சிவப்புக்காகப் படத்தில் குறைத்த இடமெல்லாம் பச்சையாக மிஞ்சியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கிள்ளானிலும் பந்திங்கிலும் எத்தனை வீட்டு ஹாலில் உங்கள் கலர் தொங்குகிறது. எல்லாரும் உங்கள் கண் என்று சொன்னது, அம்மா அணைக்க மறுத்த ஒரு பல்பா? அப்படியென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்? யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதே பச்சைதான் வந்திருக்குமா?

உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டுமாவது சொல்லுங்கள். தெரியாது என்று முடிவு செய்துவிட்டுப் படுத்தால் வேறொன்று ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு தடவை அந்த பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. அம்மா கவனிக்கக்கூட இல்லை. நீங்கள்தான் சாப்பிடுவதைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவி என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினீர்கள். கடையில் மஞ்சள் பல்புதான் இருந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க பாஸ், சாமிக்குத்தானே, எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றார் கடைக்காரர். "சாமி ஒண்ணும் சொல்லாது பாஸ். வீட்டுக்காரம்மா சொல்லும்" என்று சிரித்தீர்கள். சிவப்பு கிடைக்கும் வரை கடை கடையாக நடந்தோம். அம்மா மேல் உங்களுக்கு எவ்வளவு பயம் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

அன்று வாங்கியது அம்மாவுக்காகவா, கலருக்காகவா? அந்தச் சண்டை எப்போது நின்றது என்றும் யோசிக்கிறேன். எப்போதோ நின்றுவிட்டது. நீங்கள் அணைக்கச் சொல்வதை விட்டுவிட்டீர்கள். சலித்துப்போய் விட்டீர்களா? கடையில் வெள்ளை டியூப் லைட்டில் உங்கள் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாக இருப்பது உங்கள் கண்ணுக்கு அங்கே தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தே விட்டீர்கள் என்றால் அது உங்கள் கலர்தான். தெரியாமல் விட்டீர்கள் என்றால் என்ன பேர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் போலவும் இருக்கிறது, சொல்லக்கூடாது போலவும் இருக்கிறது. அம்மா அணைக்காமல் வைத்திருந்த விளக்குதான் உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால், அந்த விளக்கு எதையும் பார்க்கவில்லை என்ற கோபம் அம்மாவுக்குக் கொஞ்சம் குறையலாம். இல்லையென்றால், உங்களிடம் இருந்ததையும் அந்த பல்பு எடுத்துக்கொண்டது என்று இன்னும் வெறுத்துவிடலாம். எந்தப் பக்கம் விழுவார் என்று கணிக்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். எனக்கு ஜோக் வராது.

இன்று அம்மா தூங்கிய பிறகு போய் எல்லாப் படங்களையும் முடித்துவிட்டேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழிவறைக் கதவு சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஒரு படத்தில் மட்டும் நான் உங்களைப் போலச் செய்யவில்லை. மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது அந்த அக்கா காருக்குள் இருந்து தன் அம்மாவைப் பார்க்கிறார். கார்க் கண்ணாடியில் அந்த அம்மாவின் முகம் விழுகிறது. அதில் பச்சை முழுவதும் வந்தால் அந்த அம்மாவின் முகம் உள்ளே போய்விடுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கிரீன் சிவப்பாகத்தான் இருந்தது. சரி என்று கண்ணுக்குப் படவில்லை. ஆனாலும் பாதியிலேயே கையை எடுத்துவிட்டேன். நாளைக்கு அந்த அக்கா கண்டுபிடித்துவிடுவாரோ? போய் மாற்றிவிடலாமா என்று மூன்று முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாற்ற மனம் வரவில்லை. அது தப்பா என்றும் தெரியவில்லை. நீங்களும் ஏதாவது ஒரு படத்தில் இப்படி விளக்கை மீறியிருக்கிறீர்களா? தேடிப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் எனக்குப் போதும்.

கண்ணை மூடினால் பச்சையாகத் தெரிகிறது அப்பா. அந்தச் சிவப்பை ரொம்ப நேரம் பார்த்ததால் இருக்கும். திறந்தால் போய்விடுகிறது, மூடினால் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடும்போதும் இந்த வாரம் முழுக்க இதுதான். உங்கள் கேமராவை அம்மா பெட்டியில் பூட்டிவிட்டார். சட்டைகளை மாமா கொண்டுபோய்விட்டார். இதை யாரும் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா, என் ரூம் கதவுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது.

நான் விளக்கை அணைக்கவில்லை. படங்களை முடித்த சந்தோஷத்தில் அப்படியே வந்துவிட்டேன். ஸ்கிரீனும் அப்படியே இருக்கும், கார் படம் திறந்தபடி.

அம்மாவின் ரூம் கதவு திறக்கிறது. செருப்புச் சத்தம். ஹாலில் நின்றுவிட்டார். இப்போது அணைப்பார். இப்போது என் பெயரைச் சொல்லிக் கத்துவார். கத்தவில்லை. உங்கள் நாற்காலி கிறீச்சிடுகிறது. உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நேரமாக மௌஸ் மட்டும் ஒவ்வொன்றாகக் கிளிக், கிளிக் என்று கேட்கிறது. எந்தப் படத்தில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

எழுந்துவிட்டார். இந்தப் பக்கம்தான் வருகிறார். கோடு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது அப்பா, அம்மா அதை அணைக்காமலேயே வந்து கதவைத் தட்டு