இறங்காமல் விட்ட கரை

திங்கள், ஜூன் 7, 1993. ஸ்ட்ரெதம், லண்டன்

காலையில் தூறல். பிறகு சும்மா மூடிக்கொண்டு நின்றது. பால் முடிந்துவிட்டது, வாங்க மறதி.

தையல் கடையில் இரண்டு திரைச்சீலை ஓர்டர் முடிந்தது. மதியம் ஒரு நெட்டை மனிதர் பெரிய துணிச் சுருட்டு ஒன்றைத் தோளில் தூக்கிவந்து மேசையில் போட்டார். கப்பல் பாய். முழுக்கக் கம்பளி, காவி பூசியது. கடை முழுக்கத் தார் மணம், ஆட்டுக் கொழுப்பு மணம். ஆயிரம் வருடத்துக்கு முந்திய நோர்வேக்காரரின் படகைப் போல ஒன்று செய்து கிரீனிச் பக்கம் தேம்ஸில் கட்டியிருக்கிறார்களாம். நடுத் தையல் விட்டுவிட்டது. மெஷினுக்குள் போகாத தடிப்பு. முதலாளி ஜோன் என்னைப் பார்த்தார். சரி, கையால் தைக்கிறேன் என்றேன்.

பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து டெலிபோன். சித்தப்பாவின் மகன் குமார்.

"அக்கா, பெரியப்பா யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டிட்டாராம். கிளாலியில கண்ட ஆள் வந்து சொன்னவர். ஆனா இஞ்ச இன்னும் வந்து சேரேல்லை."

"எப்ப கண்டவராம்?"

"போன கிழமை."

யாழ்ப்பாணத்தை விட்டு வர, கிளாலிக் கடலை இருட்டில் சின்ன வள்ளத்தில் கடக்க வேண்டும். கண்டால் நேவிக்காரர் சுடுவார்கள். அப்பாவுக்கோ தண்ணீர் என்றாலே பயம். கீரிமலைக் கேணியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். எழுபத்திரண்டு வயது.

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

புதன், 9

வெயில். விரலெல்லாம் காவி. கழுவினாலும் போகவில்லை.

பாய்க்காரரின் பெயர் ஆர்னே. தையல் எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வந்தவர், கதிரையை இழுத்துப் போட்டுக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். அவரும் நோர்வேதான்.

பழைய காலத்தில் ஒரு மகன். கப்பல் வியாபாரி. ஐஸ்லாந்துக்கு வந்து பார்த்தால் தகப்பன் இல்லை. காணியை விற்றுவிட்டு கிரீன்லாந்துக்குப் போய்விட்டார். மகன் சாமானைக்கூட இறக்காமல் பின்னால் போகிறான். வழி தெரிந்தவர் ஒருவரும் கப்பலில் இல்லை. புகார். நாள் கணக்கே தெரியாமல் கண்ணை மறைக்கும் மூடுபனிப் புகார். அது விலக, ஒரு கரை. காடு, சின்னச் சின்னக் குன்றுகள். இது இல்லை, அங்கே பனிமலை இருக்க வேண்டும் என்கிறான். பிறகு இன்னொரு கரை. அதுவும் இல்லை. இறங்குவோம், விறகும் தண்ணீரும் எடுப்போம் என்று கப்பல் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள். இவன் விடவில்லை.

"அது அமெரிக்கா!" ஆர்னே தொடையில் அடித்துச் சிரித்தார். "கண்ணால் கண்டும் இறங்காமல் போய்விட்டான். ஊரே அவனைப் பகிடி பண்ணியது."

"அவன் நாடு தேடிப் போகேல்லையே," என்றேன். தமிழில். அவர் விழித்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தகப்பனைக் கண்டானா?"

"கண்டான். கடைசியில் தகப்பன் இருந்த கரையிலேயே போய் ஏறினான்."

"அவருக்குச் சந்தோசமோ?"

"கதையில் அது இல்லை."

வியாழன், 10

டெலிபோன் இல்லை. குமாருக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை.

விடியப்புறம் கனவு. புகார். அதற்குள் எங்கள் சுன்னாகத்துப் பஸ் ஸ்டாண்ட் மெதுவாக மிதந்து போகிறது. அப்பா குடையோடு நிற்கிறார். இது இல்லை, இது இல்லை என்று யாரோ சொல்கிறார்கள். என் குரல் போலத்தான் இருந்தது.

டூட்டிங் தமிழ்க் கடையில் முருங்கைக்காய், மிளகாய்த்தூள் வாங்கினேன். கறி உறைத்துவிட்டது.

வெள்ளி, 11

தையல் முடிந்தது. பாய் ஏற்றும்போது வந்து பார் என்கிறார் ஆர்னே. நாளைக்கு. மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இவர்: "நீ போ. டெலிபோனைப் பாத்துக்கொண்டிருந்தா அது அடிக்காது. நான் வீட்டில நிக்கிறன்."

சனி, 12

இளங்காற்று. தேம்ஸ் மண் நிறம். படகு நான் நினைத்ததைவிடச் சின்னது, பலகை முழுக்கத் தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில். பயம். பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். பாய் கொஞ்ச நேரம் தொங்கியது, நனைந்த போர்வை மாதிரி. பிறகு காற்று பிடித்தது. என் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. எல்லாச் சத்தமும் நின்றுபோனது. துடுப்பும் இல்லை, எஞ்சினும் இல்லை. லண்டன்தான் நகர்ந்தது. கிரேன்கள், குடோன்கள், கரையில் ஐஸ்கிரீம் நக்கும் ஒரு பிள்ளை. யாருடையதோ ஊர், எனக்கு வேலையில்லாத ஊர் என்று பார்த்தேன். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன்.

அழுதேன் போல. காற்று என்று ஆர்னேயிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். இவர் தலையை ஆட்டினார். இல்லை.

ஞாயிறு, 13

மழை. ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் சமைக்கவில்லை.

செவ்வாய், 15

வேலைக்கு வெளிக்கிடும்போது அடித்தது. குமார் என்று நினைத்து எடுத்தேன்.

"பிள்ளை, நான்."

அப்பா. தோளில் மாட்டிய பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேக்குதோ? நேற்றுத்தான் குமார் வீட்டை வந்தனான். வவுனியாவில ஆமிக்காரங்கள் மறிச்சு வைச்சிட்டாங்கள். இப்ப பிரச்சினை இல்லை."

"அப்பா, வள்ளத்தில..."

"வள்ளத்துக்கு ஓட்டை! ஆளாளுக்குத் தண்ணி இறைச்சது. நானும் இறைச்சனான் தெரியுமோ? விடிய மட்டும்." குரலில் பெருமை. "தண்ணிக்குள்ள முழுக்க வானத்து வெள்ளி, பிள்ளை. அள்ளி அள்ளி வெளியில ஊத்தினன். பயப்பிட நேரமில்லை."

பிறகு இங்கே வர விசா எடுப்பது பற்றிக் கேட்டேன்.

"வாறன். ஆனா இருக்க ஏலாது. உன்னை ஒருக்காப் பாத்திட்டு ஊருக்குப் போயிடுவன். சொல்லிப்போட்டன்."

எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன்.

ஜோனிடம் லீவு கேட்டேன். இவரும் வேலைக்குப் போகவில்லை. விசாவுக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை, கிடைக்குமோ என்றும் தெரியாது. ஆனால் இவர் சின்ன அறையில் முழங்காலில் இருந்து கட்டில் பொருத்துகிறார். ஒரு ஆணி மிஞ்சிவிட்டதாம். ஏறிப் படுத்துப் பார் என்கிறார்.