அம்மாவின் முட்டி பற்றிய உண்மை

அனுப்புநர்:
பிரிட்டா தோலஃப்சன்,
பத்தாம் வகுப்பு,
பள்ளி நூலகம் வழியாக,
ஹோல்ம் லேக் உயர்நிலைப் பள்ளி,
ஹோல்ம் லேக், மின்னசோட்டா.
(வீட்டு முகவரியை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணத்தைக் கீழே தெரிவித்துள்ளேன்.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
காப்பீட்டுப் புகார்ப் பிரிவு,
மாநில அலுவலகம்,
செயின்ட் பால், மின்னசோட்டா.

பொருள்: என் தாயார் திருமதி ரெனே தோலஃப்சன், காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத சிறப்பு இயன்முறை மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது – மறுபடி விசாரித்து அனுமதியை நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

1. எனக்கு வயது பதினைந்து. என் வயதில் ஒருவர் உங்களுக்கு மனு எழுதலாமா என்று எங்கள் நூலகரிடம், குடிமையியல் பாடத்துக்காகக் கேட்பதுபோல், கேட்டேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். எங்கள் ஊரில் யாரும் புகார் சொல்வதில்லை. போன கோடையில் புயலில் கூரை பறந்துபோன எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கூட, "இப்பதான் வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றுதான் சொன்னார். ஆகவே இம்மனுவில் முறை தவறி ஏதேனும் இருந்தால், பழக்கமில்லாததால் நேர்ந்தது என்று பொறுத்துக்கொள்ளவும்.

2. என் தம்பி சோரன் பிறந்து நான்கு வருடமாகிறது. பெரிய குழந்தை, பிரசவம் கடினமாக இருந்தது. அதற்குப் பிறகு என் தாயாருக்குச் சிரித்தாலோ, இருமினாலோ, சோரனைத் தூக்கினாலோ சிறுநீரை அடக்க முடிவதில்லை. இந்த வாக்கியத்தை எழுதுவதற்குள் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். என் தாயார் இதை யாரிடமும் சொன்னதில்லை. டுலூத் நகருக்குச் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தபோது, முட்டி வலி என்று சொன்னார். அப்பாவும் அப்படித்தான் நம்புகிறார். ஊரும் அப்படித்தான் நம்புகிறது. தேவாலயத்துப் பெண்கள் அந்த முட்டிக்காக உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் உறைபெட்டியில் இப்போதும் இரண்டு இருக்கின்றன.

3. தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அப்பா டுவேன், தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். சாப்பாட்டு மேசையில் வேடிக்கைக் கதை சொல்வது அவர் வழக்கம். முன்பெல்லாம் அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். சில வருடங்களாக, கதை முடியும் இடத்துக்கு வரும்போதே அம்மா எழுந்து போய்விடுகிறார். தன் கதைகள் பழசாகிவிட்டன என்று அப்பா நினைத்துக்கொண்டார். நகைச்சுவைப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து படித்தும் பார்த்தார்.

4. நான் கார் ஓட்டப் பழகுகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம் என்ற அனுமதி எனக்கு இருக்கிறது. ஆகவே டுலூத்துக்கு நான்தான் அம்மாவை ஓட்டிச் செல்கிறேன். மருத்துவர் மாய் யீ வாங் அவர்களின் கதவில், 'பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகளுக்கான சிகிச்சை' என்று எழுதியிருக்கிறது. முட்டியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அம்மா அந்தப் பலகையைத் தாண்டி என்னை வேகமாக உள்ளே அழைத்துப் போனார். நானும் படிக்காததுபோல் போனேன். அன்றிலிருந்து எங்கள் காரில் அதற்கு முட்டி என்றே பெயர்.

5. உண்மையைச் சொன்னால், நான் முதலில் புகார் எழுத நினைத்தது மருத்துவர் வாங் மீதுதான். அவர் எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை; தனி அனுமதி இல்லாமல் அவரிடம் போனால் செலவு முழுதும் நம்முடையது. இவ்வளவு தேவைப்படுகிற ஒருவர் ஏன் பட்டியலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பேராசை என்று நினைத்தேன். அம்மா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் இது மரியாதைக் குறைவு என்று தெரியும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பொதுவாகப் பதில் சொன்னார். நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்:

"நானும் பட்டியலுக்குள்ள இருந்தவதாம்மா. ஒரே நேரத்துல மூணு பேரைப் பாக்கணும். நடுவுல ஒரு துணித்திரை. இந்தப் பக்கம் ஒருத்தர் தோளைத் தூக்கி இறக்கிட்டு 'ஸ்கோர் என்னாச்சு'ன்னு கேப்பாரு. அந்தப் பக்கம் ஒரு அம்மா, கட்டின புருஷன்கிட்டகூட சொல்லாததை எங்கிட்ட சொல்லணும். சொல்லுவாங்களா? வாயைத் திறக்கவே அவங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்குக் கம்பெனியில பேரும் கிடையாது, காசும் கிடையாது."

"தேறிட்டாங்கன்னு எழுதினா, 'தேறியாச்சே, இனி எதுக்கு?'ன்னு நிறுத்துவாங்க. தேறலைன்னு எழுதினா, 'பலனில்லையே, எதுக்கு?'ன்னு நிறுத்துவாங்க. நடக்குறாங்களா, படி ஏறுறாங்களா, அவ்வளவுதான் அவங்க கேக்குறது. சிரிக்க முடியுதான்னு கேக்க அவங்க ஃபாரத்துல ஒரு கட்டமே இல்ல."

அப்படியானால் காசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார். பிறகு, "வாரத்துல ஒரு காலை யார்கிட்டயும் காசு வாங்காம பாக்குறேன். அது போதாதுன்னு எனக்கே தெரியும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேராசை என்று நினைத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இம்மனு அவர் மீதானது அல்ல. அவருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

6. என் அப்பாவின் வேலை வழியாக எங்களுக்குக் கிடைத்துள்ள காப்பீட்டு நிறுவனம் (பெயர் தனித்தாளில் உள்ளது), குறுகிய காலத்துக்கு மருத்துவர் வாங்கிடம் போக அனுமதித்தது. கூடவே, எங்கள் பகுதியில் பட்டியலுக்குள்ளேயே போதுமான இயன்முறை மருத்துவர்கள் இருப்பதாகவும் தெரிவித்தது. யார் அவர்கள் என்று அறிய ஆசைப்பட்டு, மதிய உணவு இடைவேளைகளில் அந்தப் பட்டியலில் இருந்த எண்களுக்கெல்லாம் பேசினேன். ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். ஒருவர், "ஹாக்கி ஆடுறவங்க தோள்னா கூட்டிட்டு வாங்க, அதுக்குக் கீழ நமக்குப் பழக்கமில்ல" என்றார். ஒரு எண் தூண்டில் கடைக்குப் போனது. கடைக்காரர், "இடுப்புக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல பாப்பா, நல்ல புழு இருக்கு, வேணுமா?" என்று கேட்டார். கடைசியாகப் பேசிய பெண்மணி மட்டும் அன்பாக விவரம் கேட்டுவிட்டு, "இதுக்கு டுலூத்துல டாக்டர் வாங்னு ஒருத்தங்க இருக்காங்க. ஆனா ஐயோ, அவங்க பட்டியல்ல இல்லையே" என்றார். தோள் பார்ப்பவரையும் இடுப்புத்தளம் பார்ப்பவரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டுப் போதும் என்று சொல்வது சரியா என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

7. இனி நடந்த தவறைச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அம்மா லெஃப்ஸா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மேசையில் அப்பாவும், அம்மாவோடு தேவாலயத்தில் பாடுகிற திருமதி ஆர்டிஸ் லுண்டும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. அம்மாவின் கை முழுக்க மாவு. அப்பா எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். நிறுவனத்தின் செவிலியர் பேசினார். எந்த உறுப்பு, என்ன சிகிச்சை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல எண்ணமாக இருக்கலாம்.

"இப்போ எப்படி இருக்கீங்க ரெனே?"

"ஓ, பரவாயில்லைங்க. குறை சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல."

"அன்றாட வேலையெல்லாம் செய்ய முடியுதா?"

"செஞ்சுட்டுத்தானே இருக்கேன்."

திருமதி லுண்ட் குறுக்கே புகுந்து, "முட்டி நல்லாயிடுச்சுன்னு கணீர்னு சொல்லேன் ரெனே! என் ஹாட்டிஷ் சாப்பிட்ட முட்டி எங்க போகும்?" என்றார். அப்பா, "ஆமா, அந்த ஹாட்டிஷுக்குப் பயந்தே சரியாயிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலியர் மகிழ்ச்சி தெரிவித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். நான் கதவருகில்தான் நின்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

8. அடுத்த முறை காரில் போகும்போது அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "பதினாறாந்தேதியோட டுலூத் பயணம் முடிஞ்சுதுடி. முட்டி நல்லாயிடுச்சாம்" என்றார்.

"யாரும்மா சொன்னா?"

"நானேதான் சொன்னேனாம்."

பிறகு, "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார்.

9. எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிந்திருக்கலாம். செயின்ட் பாலிலும் அது இருக்கும் என்றே நினைக்கிறேன். யாராவது கேக் நீட்டினால் முதல் முறை வேண்டாம் என்போம். இரண்டாம் முறை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் முறை நீட்டினால்தான் எடுத்துக்கொள்வோம். முதல் முறையே எடுப்பவரைப் பற்றி ஊரில் பேசுவார்கள். நலம் விசாரித்தாலும் இதே முறைதான். அந்தச் செவிலியர் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை உண்மை என்று எழுதிக்கொண்டார். அவர் வேறு மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும்.

10. சிகிச்சையால் பலன் இருந்ததா என்று தாங்கள் கேட்கலாம். இருந்தது. போன மாதக் கடைசியில் அம்மா, உறைந்த ஏரியின் மேல் அப்பா போட்டிருக்கும் மீன்பிடிக் குடிலுக்கு வந்தார். அங்கே கழிப்பறை கிடையாது. அதனாலேயே நான்கு குளிர்காலமாக அவர் வந்ததில்லை. மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா, விதை வாங்க வந்த பாதிரியாரின் கதையைச் சொன்னார். அது மிகப் பழைய கதை. அம்மா சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்பா தூண்டிலை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். இன்னும் சில மாதச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் வாங் கூறியதாக அறிகிறேன். பாதியில் விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று நூலகத்தில் படித்தேன். சொந்தச் செலவில் தொடர அம்மா ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். தனக்காக அவர் ஒரு கோட்டுகூட வாங்குவதில்லை.

11. ஆகவே தாங்கள்,
அ) பிப்ரவரி பதினாறாம் தேதிக்குள் என் தாயாரின் அனுமதியை மீண்டும் வழங்குமாறு அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும்.
ஆ) பட்டியலில் ஆள் போதும் என்று சொல்லும்போது எந்த வேலைக்கு எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல வைக்க வேண்டும். மருத்துவர் வாங் போன்றவர்கள் ஏன் வெளியே போனார்கள் என்பதை அவர்களிடமே யாராவது கேட்க வேண்டும். எனக்கும் அதன் பதிலைத் தெரிந்துகொள்ள ஆவல்.
இ) பதிலைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை நான் இரவில், துணி காயக் காத்திருப்பதுபோல் உலர்த்தும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அறிவேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால், அனுமதி கிடைத்தாலும் அவர் டுலூத் பக்கமே போக மாட்டார். மகள் எழுதினாள் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

12. கடைசியாக ஒன்று. என் தாயாரிடம் மறுபடி விசாரிப்பதாக இருந்தால் புதன்கிழமை காலையில் அழைக்கவும். அப்பா சங்கத்தில் இருப்பார், திருமதி லுண்ட் போர்வை தைக்கப் போயிருப்பார், சோரன் தூங்குவான். தனியாக இருக்கிறீர்களா என்று முதலில் கேட்கவும். பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பரவாயில்லை என்பார். இன்னொரு முறை கேட்டால், மற்றவர்களுக்கு இதைவிட மோசம் என்பார். இவற்றை எழுதிக்கொள்ள வேண்டாம். மூன்றாம் முறை கேட்கவும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தோன்றும். அப்போது தொலைபேசியை வைத்துவிட வேண்டாம் என்று தங்களை மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

பயத்துடனும் மரியாதையுடனும்,
பிரிட்டா தோலஃப்சன்
(கையொப்பம்)

இடம்: ஹோல்ம் லேக்
நாள்: 5 பிப்ரவரி 2023