சேஜ் ஓடையில் தேடிய மான்

லூயிஸ்டவுன், மொன்டானா
2 நவம்பர் 1987

அன்புள்ள வெர்னுக்கு,

இங்கே நலம். நீயும் லோயிஸும் நலம்தானே?

நேற்று முதல் பனி விழுந்தது, கணுக்கால் அளவு. பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வருடமாவது எல்க் மான் வேட்டைக்கு சேஜ் ஓடைக்கு வா. மூன்று வருடமாக ஏதாவது ஒரு சாக்கு. முதுகு வலி, மகள் கல்யாணம், போன வருடம் கூரை ஒழுகல். அரசு நிலம், யாரும் வேட்டையாடலாம் என்றதும் நகரத்திலிருந்து எவனெவனோ வந்து அலைகிறான். இருபது வருடம் அங்கே நடந்த நீ வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாயாம், லோயிஸ் சொன்னாள். உன் குறட்டை இல்லாத கூடாரத்தில் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

பிளாஸ்க்கில் காபி என் பொறுப்பு.

உன்,
டெல்மர்

*

கிரேட் ஃபால்ஸ்
7 நவம்பர் 1987

அன்புள்ள டெல்மர்,

கூரை ஒழுகவில்லை. முதுகும் நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லிச் சலித்துவிட்டது.

83இல் நான் சுட்ட அந்த ஆண் எல்க்தான் காரணம். அவசரப்பட்டேன், குண்டு விலாவுக்குப் பின்னால் பட்டது, காயத்தோடு ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினோம். பனி தடத்தை மூடிவிட்டது. உனக்கு அது அன்றோடு முடிந்தது, எனக்கு முடியவில்லை. மறு வசந்தத்தில் மீன் பிடிக்கப் போவதாக லோயிஸிடம் சொல்லிவிட்டு மூன்று முறை அங்கே போனேன், எலும்பாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. எந்தப் புதரில் எத்தனை நாள் கிடந்து செத்ததோ. துப்பாக்கியைத் தொடவே கூசியது, விற்றுவிட்டேன்.

இனி என்னைக் கூப்பிடாதே. உன் மேல் எனக்கு வருத்தமில்லை. என்னைத் தனியே விடாமல் இரண்டாம் நாளும் கூடவே நடந்தாய். அன்றைக்கு நீ சுட்ட மானின் இறைச்சியில் பாதியைக் கொடுத்தாய். அதை மறக்க மாட்டேன்.

அன்புடன்,
வெர்ன்

*

லூயிஸ்டவுன்
12 நவம்பர் 1987

வெர்ன்,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

உன் மான் எந்தப் புதரிலும் கிடந்து சாகவில்லை. உன் துப்பாக்கிச் சத்தம் கேட்ட கால் மணி நேரத்தில் அது மேட்டைத் தாண்டி, தள்ளாடிக்கொண்டு என் பக்கம் வந்தது. நான் சுட்டேன், விழுந்தது. பக்கத்தில் போனபோது விலாவுக்குப் பின்னால் இன்னொரு துளை இருந்தது. முதல் குண்டில் ரத்தம் வரவைத்தவனுக்குத்தான் மான். அதை நாம் என்றைக்கும் மீறியதில்லை. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஆறு வருடம் வெறுங்கையோடு வீடு திரும்பியவன் நான். அதன் கொம்பிலோ ஆறு கிளை. என்னுடையது என்று என் வேட்டை உரிமச் சீட்டை அதில் கட்டிவிட்டேன். உன் குண்டு துளைத்த தோலை வெட்டிப் பனியில் புதைத்தேன்.

நீ வந்து, "இதுல வேற காயம் ஏதாச்சும் இருந்துச்சாடா?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்லடா, இது வடக்கேருந்து வந்துச்சு" என்றேன்.

மறுநாள் மரத்தடியில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து மண்டியிட்டாய். "டெல்மர், இங்க பாருடா, மேட்டுப் பக்கம்தான் போயிருக்கு!" என்றாய். நானும் குனிந்து பார்த்துவிட்டு உன்னைத் தெற்கே திருப்பிக் கூட்டிப்போனேன். என் கராஜில் தொங்கும் மானை உன்னோடு சேர்ந்து மாலை வரை தேடினேன். வெட்கமாக இருக்கிறது, வெர்ன். நீ எலும்பு தேடிப் போனாய் என்று படித்ததிலிருந்து லோயிஸின் குரலைப் போனில் கேட்கக்கூடத் தைரியமில்லை.

கொம்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். உன்னுடையது. கொண்டுவரட்டுமா?

டெல்மர்

*

கிரேட் ஃபால்ஸ்
17 நவம்பர் 1987

டெல்மர்,

கொம்பைக் கொண்டுவராதே.

படித்ததும் முதலில் நிம்மதிதான் வந்தது, அதை மறைக்கவில்லை. அந்த மான் வலியோடு இருந்தது கால் மணி நேரம்தான். "ஏங்க அழுறீங்க?" என்று லோயிஸ் பதறிப்போனாள்.

கோபம் மறுநாள் வந்தது. மான் போனால் போகட்டும். நீ என்னைக் கூப்பிட்டிருந்தால், "எடுத்துக்கடா, உனக்கு ஆறு வருஷமாச்சு" என்று அங்கேயே சொல்லியிருப்பேன். அந்த இறைச்சிக்காக நான் உனக்கு எத்தனை முறை நன்றி சொன்னேன்! போன கடிதத்திலும் சொன்னேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மைத்துனரிடம் துப்பாக்கி இரவல் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை சேஜ் ஓடைக்குப் போகிறேன், தனியாக. காபி நானே போட்டுக்கொள்கிறேன். அது அரசு நிலம், உன்னை வராதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஓடைக்குப் போகும் பாதையின் கேட் அருகே என் பச்சை வண்டி நிற்பதைப் பார்த்தால், நீ நிறுத்தாமல் போய்விடு.

வெர்ன்