மேலே, கீழே

டாலிகஞ்ச்,
ஞாயிற்றுக்கிழமை

பிடிவாதக்காரிக்கு,

போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் பையன் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காய்காரன் மட்டும் உன்னைப் பற்றி, மாஷிமா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறான்.

விமானத்தைப் புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டது. இறக்கைக்குப் புதுத் துணி இழுத்துக் கட்டிப் பூச்சு பூசி, எஞ்சினையும் ஏற்றியாயிற்று. அந்தப் பழைய இரண்டு சீட்டு வண்டியை இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. எனக்குத்தான் சந்தோஷப்படத் தெம்பில்லை. ஏணியில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது. இதைப் பையனிடம் சொல்லாதே.

ஒரு வேலை பாக்கி. நான் உள்ளே உட்கார்ந்து, ஓட்டுகிற ஸ்டிக்கை இரண்டு பக்கமும் சாய்க்கவேண்டும். வெளியே ஒருவர் நின்று, இறக்கையின் ஓரத்து மடல் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று கத்தவேண்டும். மடலை இழுக்கும் கம்பியை மாற்றி மாட்டியிருந்தால் தரையிலேயே தெரிந்துவிடும். மெக்கானிக் சியாமளை நிற்கவைத்தேன். எதற்கும் "டிக் ஆச்சே, தாதா" என்கிறான். எல்லாம் சரியாம், அண்ணா! எனக்கு நம்பிக்கை வரவில்லை.

போன வருஷம் நீதான் நின்றாய். "மேலே! கீழே! காது கேக்கறதா இல்லையா?" என்று நீ போட்ட சத்தத்தில் ஷெட்டே அதிர்ந்தது.

"அறுபத்தெட்டு வயசுல இதுல ஏறிப் பறக்கறதா இருந்தா, நான் இந்த ஆத்துல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். மறக்கவில்லை. வந்து இறக்கைப் பக்கம் நின்றால் போதும். மடலைக்கூடப் பார்க்கவேண்டாம். என்னைப் பார்த்து ஒருமுறை "கீழே" என்று சொல். இறங்கிவிடுகிறேன்.

காது நன்றாகவே கேட்கிறவன்